வலது இறக்கையைத் தேய்த்தது நான்தான்

அன்புள்ள கதிருக்கு,

இதை நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பட்டாபிராமில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். அப்பா ஷிப்டில் இருக்கிறார். நான் கம்பெனியில் அரைநாள் லீவு கேட்டு வந்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமை புனேவுக்கு வேலைக்குப் போகிறான், துணிமணி எடுத்து வைக்கவேண்டும் என்றேன். அது பாதி உண்மை. பாதி உண்மை சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரிய சூட்கேஸின் சக்கரம் ஒன்று கழன்றுவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு திருகாணி. அதை உன் கையில் கொடுத்து மாட்டச் சொன்னேன். நீ பின்னால் நகர்ந்தாய். "ஐயோ, நீயே பண்ணும்மா. நான் தொட்டா கோணிக்கும்" என்று சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். இந்த வீட்டில் ஏழு வருடமாக ஓடும் நகைச்சுவை அது. குழாய் ஒழுகினால், மின்விசிறியின் ரெகுலேட்டரை மாற்றவேண்டும் என்றால், சுவரில் ஆணி அடிக்கவேண்டும் என்றால், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நீ ஒதுங்கிக்கொள்வாய். ஒவ்வொரு முறையும் நானும் சிரித்திருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் சிரிக்க முடியவில்லை. வேறு ஊரில், வேறு மனிதர்கள் நடுவிலும் நீ இதைச் சொல்லப் போகிறாய், அவர்கள் அதை அப்படியே நம்பப் போகிறார்கள் என்று தோன்றியது. திருகாணியை நானே மாட்டினேன்.

கதிர், நீ பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் செய்த மஞ்சள் மாதிரி விமானத்தின் வலது இறக்கை கோணலாகப் போனது உன்னால் இல்லை. என்னால். அதைப் பறக்கவிடுவதற்கு முந்தைய நாள், நீ வீட்டில் இல்லாத நேரத்தில், இறக்கையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தது நான்தான். நீ கேட்டபோது இல்லை என்றேன். அதன் பிறகு வீட்டில் யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவள் என்றும் சொல்லவேண்டும். உன் தாத்தா தொழிற்பேட்டையில் சுமை ஏற்றி இறக்கியவர். மேனாம்பேட்டில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன், தெரியாவிட்டாலும் கேட்கமாட்டேன். வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. தெருவில் யார் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். "நீ படிச்ச பொண்ணு, பாத்து சொல்லு" என்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. ஒருமுறை என் சித்தப்பாவின் விண்ணப்பத்தைத் தப்பாக நிரப்பிக் கொடுத்தேன். அது திரும்பி வந்தது. ஆபீஸில் தப்புப் பண்ணிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். ஆபீஸைத் திட்டிவிட்டு இரண்டாவது தடவையும் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். படித்தவள் தப்புச் செய்யமாட்டாள் என்ற அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் கல்யாணமாகி அப்பாவின் தொழிற்சாலை கொடுத்த இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன், உன்னையும் வளர்த்தேன். நீ சின்ன வயதில் எதைக் கேட்டாலும் பதில் சொன்னேனே, அதில் பாதி எனக்கே நிச்சயமில்லாதது.

அந்த விமானத்துக்கு நீ எவ்வளவு நாள் உழைத்தாய் என்பது எனக்குத் தெரியும். பால்சா என்ற லேசான மரக்கட்டையைப் பிளேடால் சீவி, விலா எலும்புகள் மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கி ஒட்டினாய். கூடம் முழுக்கப் பசை நாற்றம். கடைசியில் அந்த எலும்புக்கூட்டின் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாய். அதன் அடிப்பக்கத்தில் பசை இருக்கும், மெல்லிய சூடு வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் சுருங்கி விறைப்பாகிவிடும் என்று எனக்கு விளக்கினாய். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். வார் இழுத்துக் கட்டிய மத்தளம் போல அது விறைத்து நின்றதைப் பார்த்து அப்பாவே அசந்துபோனார். தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஒரு விரலால் அதைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

மே மாதம். நம்முடையது மேல்மாடி வீடு. மொட்டைமாடிச் சூடு முழுக்க நம் தலைமேல்தான் இறங்கும். பறக்கவிடுவது ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை காலை நீ இறக்கையை இதே மேசையில் படுக்கவைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்விளிம்பும் பின்விளிம்பும் மேசையில் சமமாகப் படிகிறதா என்று பார்த்தாய். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டையாக இருந்தது. ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இல்லை. இதை நான் பார்த்தேன் கதிர். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், நான் பார்த்தேன்.

வலது பக்கம் மட்டும் தாள் தளர்ந்து நாலைந்து குமிழ்கள் கிளம்பியிருந்தன. ஜன்னல் ஓரம் வைத்ததால் வெயில் பட்டிருக்கும் என்றாய். "ஒன்னுமில்லம்மா, ஊசியால குத்தி காத்த எடுத்துட்டு லேசா சூடு காட்டினா சரியாயிடும். டைப்ரைட்டிங் கிளாஸ் முடிச்சுட்டு வந்து பண்ணிக்கிறேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். யாரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று குறுகுறுத்தது. இவன் களைத்துப்போய் வருவான், இது என்ன பெரிய வேலை, தினமும் தேய்க்கிறவள்தானே, இயற்பியல் படித்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்து நீ அசந்துபோகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உனக்கு உதவவேண்டும் என்பதைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டியை நான் வழக்கமாகப் பருத்திச் சேலைக்கு வைக்கும் சூட்டிலேயே வைத்தேன். ஊசி குத்தவில்லை. வலது பக்கத்தின் மேல்தாளில் மட்டும், சட்டையின் முதுகைத் தேய்க்கிற மாதிரி இழுத்து இழுத்துத் தேய்த்தேன். குமிழ்கள் கண்ணெதிரே மறைந்தன. தாள் கண்ணாடி போல இறுகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு இறக்கையை மேசையில் படுக்கவைத்தேன். வலது நுனியின் பின்விளிம்பு மேசையைத் தொடவில்லை. அதன் கீழே என் சுண்டுவிரல் நுழைந்தது.

அழுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது. புத்தகம் ஒன்றை மேலே வைத்துப் பார்த்தேன். நீ படியேறி வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை எடுத்துவிட்டு, இறக்கையை அலமாரி மேல் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அதனிடம் போனாய்.

"அம்மா! குமிழெல்லாம் எங்க? யாராவது தொட்டீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"அப்ப தானா இழுத்துக்கிச்சா! சூப்பர்ம்மா, எனக்கு வேலை மிச்சம்" என்று குதித்தாய். காலையில்தான் சரிபார்த்தோம் என்ற நினைப்பில் நீ அதை மறுபடி மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்று நான் உடனே மேசையில் தட்டுகளைப் பரப்பினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். தட்டுகளைப் பரப்பியது பசிக்காக இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவின் யூனிபார்மை வாங்க, குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே தேசிங்கு அண்ணனின் இஸ்திரி வண்டிக்குப் போனேன். "இன்னாமா, சார்கிட்ட சொல்லு, மடிப்ப கத்தி மாரி வெச்சுக்கீறேன். பாத்து மாட்ட சொல்லு, கைய கிய அறுத்துக்கப் போறாரு" என்றார் அவர். நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, ஒரு சட்டத்து மேல ஒட்டின பிளாஸ்டிக் தாள் மேல இஸ்திரி வெச்சா என்ன ஆகும்?"

"சூடு பட்டா இஸ்துக்கும்மா. ஒரு பக்கமா மட்டும் வெச்சன்னு வெய்யி, அந்தப் பக்கமா கோணிக்கினு பூடும். போன வாரம் ஒரு காலரு, உள்ளார ஒட்டுத்துணி வெச்சுக்கீறானுங்கோ, தெரியாம ஒரு பக்கமா அமுத்திட்டேன். பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி தலய திருப்பிக்கினு நிக்குது, நேராவே ஆவல." அவரே சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா, ஊட்ல எதுனா பாழாக்கிட்டியா?"

"ச்சே, சும்மா கேட்டேன்" என்றேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் விட குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு வரும்போது எனக்கு எல்லாம் தெரியும். குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் பாதிக்குமேல் வந்திருந்தன. விமானக் குழுவை நடத்திய வரதன் சார் ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ இறக்கையை உடலின் மேல் வைத்து ரப்பர் பேண்டுகளால் கட்டினாய். நான் உனக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். இடது பக்கத் தாளில் வெயில் ஒருவிதமாகவும் வலது பக்கத்தில் வேறுவிதமாகவும் பட்டது. நாள் முழுக்க உலோக வளையங்களை வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடுவதுதான் என் வேலை. என் கண்ணுக்கு அது தப்புமா? இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். சுற்றிலும் அத்தனை பேர். தலைகுனிந்து பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அது மேலே போனது. ஒரு பனைமர உயரம் அழகாகப் போனது. உன் வாய் திறந்திருந்தது. பிறகு வலது பக்கமாகச் சாய்ந்தது. நீ ரிமோட்டில் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாய், அது கேட்கவில்லை. அப்படியே உருண்டு மூக்கு தரையில் குத்தியது. உடல் இரண்டாக முறிந்தது. ரப்பர் பேண்டு அறுந்து இறக்கை மட்டும் முழுசாகத் தெறித்துப் புல்லில் விழுந்தது.

வரதன் சார் அதை எடுத்து ஒரு சிமெண்ட் பெஞ்சில் படுக்கவைத்தார். "வலது பக்கம் முறுக்கியிருக்கு. கடைசியா எப்ப செக் பண்ணே?"

"நேத்து காலைல சார். தட்டையா இருந்துச்சு சார்."

"ஒரே நாள்ல இவ்ளோ முறுக்குமா? பாக்காம விட்டுட்டேன்னு சொல்லு, பரவால்ல. பொய் சொல்லாத."

"நெஜமா பாத்தேன் சார்."

அதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார். "செஞ்சதும் கோணல், பொய்யும் வேறயா? நாலு பேரு முன்னாடி மானத்த வாங்குறியேடா."

நீ என் பக்கம் திரும்பினாய். அந்த முகத்தை நான் எங்கே வைப்பேன்? "அம்மா, நீ பாத்தல்ல? நேத்து காலைல தட்டையா இருந்துச்சுல்ல? சொல்லும்மா."

நான் சொன்னது இதுதான்: "நான் சரியா கவனிக்கலப்பா."

சனிக்கிழமை "இல்லையே" என்று சொன்னதைக்கூடப் பயத்தில் வாய் தவறி வந்தது என்று யாராவது மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. நீ சொன்ன உண்மைக்கு ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சியை நான் கலைத்தேன். பதினைந்து வயதில், ஊர் முன்னால், உண்மை சொன்ன நீ பொய்யனாக நின்றாய். பொய் சொன்ன நான் உனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நீ வாங்கிக் குடித்தாய். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஒருவேளை நான்தான் காலைல சரியா பாக்கலியோ" என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். இரண்டு நாளில் அது உறுதியாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் வேண்டாம், காமர்ஸ் போதும் என்றாய். "எனக்குக் கை வேலை வராதும்மா. கண்ணும் சரியில்ல போல" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். உன் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். காமர்ஸ் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபோது கொஞ்சம் நின்றேன். பிறகு எழுதிவிட்டேன். நீ காமர்ஸ் படித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படித்தாய், நல்ல வேலைக்குப் போகிறாய். அதைத் தேர்ந்தெடுக்க நீ நம்பிய காரணம்தான் பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தது நான்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை, காபி ஆறி ஆடை கட்டியது. "ஏழு வருஷமா பக்கத்துல படுத்துக்கினு இத சொல்லலியாடி நீ?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் அவன பொய்யன்னு சொன்னேனே. அத்தன பேரு முன்னாடி சொன்னேனே." உன்னிடம் அவரே பேசுவார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உன் ஷூவுக்குப் பாலீஷ் போட்டு வைத்திருக்கிறார். வாசலில் பார்த்திருப்பாய்.

நீ தூக்கிப் போடச் சொன்ன இறக்கையை நான் போடவில்லை. பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இறக்கினேன். தாளில் அங்கங்கே குமிழ் இருக்கிறது, முறுக்கு அப்படியே இருக்கிறது. கோணலான இறக்கையை எப்படிச் சரிசெய்வது என்று முதல்முறையாகப் போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். ஏழு வருடத்தில் முதல்முறை. அதில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டே செய்துகாட்டுகிறார். முறுக்கியிருக்கும் பக்கத்துக்கு எதிராக, கொஞ்சம் அதிகமாகவே இறக்கையை முறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது தாளில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் மறையும்வரை மெல்லிய சூடு காட்டி, ஆறும்வரை கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பத்து நிமிடம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், "நான் தொட்டுட்டேன்டா, கோணிக்கிச்சு" என்று சொல்லியிருந்தால், நீ கொஞ்சம் கத்தியிருப்பாய், பிறகு பத்து நிமிடத்தில் சரிசெய்திருப்பாய். உனக்கு அந்த வேலை தெரிந்திருக்கும். அதைப் பார்த்தபிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

புதிய ஊருக்குப் போகிறவனுக்குத் தாய் ஏதாவது சொல்லி அனுப்பவேண்டும் என்பார்கள். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நான் விழுந்த குழி எங்கே இருக்கிறது என்று காட்டலாம் இல்லையா? வேலையில் ஒன்று கெட்டுப்போனால் அன்றைக்கே வாயைத் திற. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம், பிறகு சொல்லாமல் இருப்பதே குணமாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல். நம் வீட்டில் படித்தவன் எல்லாம் தெரிந்தவனாக இருக்கவேண்டிய கட்டாயம் என்னோடு முடியட்டும். அன்பாக இருந்தாலும், தொடாதே என்று ஒருவர் சொன்னதைத் தொடாதே. நாளைக்கு உன் வீட்டில் ஒருத்தி வந்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். அந்த மைதானத்தில் நின்றவர்களில் பலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். நீ அவர்கள் முன்னால் பொய்யன் ஆனாய், ஆகவே அவர்களும் படிக்கவேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று பேச என்னால் முடியாது, உனக்கே தெரியும். எழுதத்தான் முடியும். ஆனால் நீ படித்துவிட்டுச் சரி என்றால்தான் கொடுப்பேன். வேண்டாம் என்றால் இது நம் மூவரோடு இருக்கட்டும். என்மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. பரவாயில்லை அம்மா என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவன். அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கெட்டுப்போன பொருளுக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டுவோம். அதை வீசவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அட்டையில் கட்டங்கள் இருக்கும். அப்படி ஓர் அட்டையைக் கேட்டு வாங்கி வந்து இறக்கையில் கட்டியிருக்கிறேன். பொருள்: விமானத்தின் இறக்கை. குறை: வலது பக்கம் முறுக்கு. காரணம்: ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு. யாரால் என்ற கட்டத்தில் என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி என்ன செய்யவேண்டும் என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

முறுக்கிப் பிடிக்க ஒருவரும் சூடு காட்ட ஒருவரும் இருந்தால் வேலை சுலபம் என்று வீடியோவில் அந்தப் பெரியவர் சொன்னார். பிடித்துக்கொள்ளத்தான் நான் வருவேன், அதுவும் நீ கூப்பிட்டால். இறக்கை உன் கட்டில்மேல் இருக்கிறது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. சூட்டை ஆகக் குறைந்த அளவில் திருப்பி வைத்திருக்கிறேன். பிளக்கைச் சொருகவில்லை.

அம்மா